மங்கை கரையேற்றிய குடும்பம்

மங்கைக்கு மனிதர்களை அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கூடை வைத்து விற்கிறவள் அவள். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து உலகத்தைப் பார்ப்பதால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் முதலில் அவள் கண்ணில் படுவது மூக்கு ஓட்டைதான். வஞ்சிரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு மத்தி வாங்கிப் போகிறவர்கள், செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் என்று இருபது வருஷத்துக்கு மேல் பார்த்ததில் மனித ஜாதியைப் பற்றி அவளுக்கு ஒரு தீர்மானம் விழுந்துவிட்டது. நல்ல தீர்மானம் அல்ல.

கணவன் லட்சுமணனும் அதற்கு விலக்கில்லை. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிற சாது மனிதன். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு சிரிப்பான். "உன் நெத்தில ஏமாளின்னு எய்தி ஒட்டிகினு திரியிறியா?" என்று மங்கை கேட்பாள். அதற்கும் சிரிப்பான்.

கடலைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. எண்ணூரில் பிறந்து, முகத்துவாரத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் கலந்து மீன்கள் வயிறு மேலாக மிதப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அவர்கள் பக்கத்தில் பெண்கள் படகேறும் வழக்கமில்லை. ஆயுசு முழுக்கக் கடல் சோற்றைத் தின்றவள், அலையைத் தாண்டி ஒரு முறைகூடப் போனதில்லை. நிலத்திலும் திருத்தணியைத் தாண்டியதில்லை. போகாத இடங்களைப் பற்றியும் அவளுக்கு மட்டமான எண்ணம்தான் இருந்தது.

ஒரு பிப்ரவரி மாதக் காலையில், எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு நேர் எதிரே, ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு லட்சுமணன் விரித்திருந்த வலையின் மேலேயே வந்து ஏறியது. வலை கிழிந்து அதன் சுக்கானில் சுற்றிக்கொண்டது. வேறு யாராவது என்றால் அங்கேயே வெட்டுக்குத்து ஆகியிருக்கும். லட்சுமணன் வாயைப் பிளந்துகொண்டு அந்தப் பாயையே பார்த்தான். பிறகு கயிறு போட்டு, அந்தப் படகைச் சென்னைத் துறைமுகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டான். வந்தவர்கள் மலேசியத் தமிழர்கள், பினாங்கிலிருந்து அந்தமான் வழியாக வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்துச் சடங்கெல்லாம் முடிந்த மறுநாள், குடும்பத்தோடு சாப்பிட வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான்.

வாசலில் நின்ற மங்கை, விருந்தாளிகள் காதில் விழட்டும் என்றே கேட்டாள்.

"வலைய கீச்சிட்டு வந்தவனுக்கு விருந்தாய்யா? அட்த்த தபா வூட்டக் கொளுத்திட்டு வந்தான்னா பிரியாணி போடுவியா?"

"சும்மாருமே. நம்ம ஜனங்கமே. படகுலயே குடும்பம் நடத்திகினு கீறாங்க."

"ஏன், வூடு இல்லியா?"

"வித்துட்டுத்தான் படகு வாங்கினாராம்."

மங்கை அந்த மனிதனை மேலும் கீழும் பார்த்தாள். பெயர் அர்ஜுன். ஏதோ தொழிற்சாலையில் மேனேஜராக இருந்தவனாம். வெயிலில் வெந்த முகம், வேண்டுமென்றே வளர்த்த தாடி. சாப்பிட உட்காரும் முன்பே ஒரு குச்சியின் நுனியில் போனை மாட்டி, அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். "கடல்தான் நம்ம வீடு, கடல் மனுஷங்கதான் நம்ம சொந்தம்!" என்று அவன் சொன்னபோது, மங்கை எழுந்து சமையற்கட்டுக்குப் போய்க் குழம்புச் சட்டியை நங்கென்று இறக்கினாள். அந்தச் சத்தமும் வீடியோவில் பதிந்திருக்கும்.

துட்டில்லாதவன் வேறு வழியில்லாமல் தண்ணீர் மேல் பிழைக்கிறான். துட்டிருக்கிறவன் அதையே சினிமாவாக எடுத்து ஊருக்குக் காட்டுகிறான். அவள் பார்த்த கோமாளித்தனங்களிலேயே இது உயர்ந்த ரகம்.

அவன் மனைவி தேவப்பிரியம் அதிகம் பேசவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றியபடியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாய் சோறு தின்றாள். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்தவள், தரையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அப்படியே சாய்ந்து, இலையெடுத்த ஈரம் காய்வதற்குள் தூங்கிப் போனாள். பதினொரு வயது மகள் மகிழினி மட்டும் வெட்கப்பட்டாள்.

"அம்மாவுக்குப் போட்ல தூக்கமே வராது ஆன்ட்டி. வாந்தி எடுத்துக்கிட்டே இருப்பாங்க."

"ஆன்ட்டி கீன்ட்டின்னா அப்பளம் கெடையாது. பெரிம்மான்னு கூப்புடு" என்றாள் மங்கை. தூங்குகிறவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பினாங்கிலிருந்து இங்கே வரைக்கும் குடலைக் கக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். 'வரமாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. ஆனாலும் மின்விசிறியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

சுக்கானைச் சரிசெய்ய நாளாகும் என்றார்கள். லட்சுமணனுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. தன் படகைப் பங்காளியிடம் விட்டுவிட்டு, தினமும் துறைமுகத்துக்குப் போய் அர்ஜுனோடு கயிறு திரித்துக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்களும் காதலர்களைப் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இஞ்சினே இல்லாமல் காற்றில் போவதைப் பற்றி லட்சுமணன் வீட்டில் பேசும்போதெல்லாம், "ஆமா, இஞ்சின் வாங்க வக்கில்லாதப்ப உங்கப்பனும் அப்டித்தான் போனான்" என்பாள் மங்கை.

அர்ஜுனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அவனுடைய கொள்ளுத்தாத்தா குடியாத்தத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்துதான் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனாராம். அந்த ஊரைப் பார்க்க வேண்டும், மண்ணைத் தொட வேண்டும், அதை வீடியோவாகப் போட வேண்டும். படகை விட்டு அவனால் நகர முடியாததால் மனைவியையும் மகளையும் அனுப்புவதாக ஏற்பாடு. துணைக்குப் போக, துறைமுக வாசலில் வெள்ளைக்காரர்களைத் துரத்திக்கொண்டு திரிகிற ஒரு தரகன் தயாராக நின்றான். கழுத்தில் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி, வாய் நிறைய இங்கிலீஷ்.

அன்று லட்சுமணனுக்குச் சோறு கொண்டுபோன மங்கை, அவனைப் பார்த்ததுமே அர்ஜுனிடம் கேட்டுவிட்டாள்.

"இந்த டுபாக்கூர் கையிலயா பொண்டாட்டியையும் பொண்ணையும் ஒப்படைக்கப் போற?"

"நல்லவர்தான் அக்கா, எல்லாம் விசாரிச்சிட்டேன்."

"யார விசாரிச்ச? அவனையேவா?" என்றவள், தரகன் பக்கம் திரும்பினாள். "தே, கண்ணாடி! கெளம்பு. நான் போறேன் அவுங்க கூட."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. லட்சுமணன் சந்தோஷமாகத் தலையாட்டினான். அதைப் பார்த்ததும் இன்னும் எரிச்சலாக வந்தது.

சென்ட்ரலில் ரயிலேறினார்கள். அரக்கோணம் தாண்டியதும் மங்கைக்கு எல்லாம் புதிது. ஆனால் புதிது என்று காட்டிக்கொள்வாளா? ஜன்னலில் வந்த மலையைப் பார்த்து, "இன்னாது, குப்ப கொட்டி வச்சா மாதிரி கீது" என்றாள். ஆறு வந்தது, மணல்தான் இருந்தது. "தண்ணி இல்லாத ஆத்துக்கு இவ்ளோ பெரிய பாலம்" என்றாள். மகிழினி ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். தேவப்பிரியம் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, காய்ந்த வயல்களை விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லி அதற்கு மரியாதை செய்ய மங்கை இன்றுவரை தயாராக இல்லை. ஊர்த் தெருவில் பெரிய ஓட்டு வீட்டுக்காரர் ஒருவரிடம் அர்ஜுன் எப்படியோ முன்பே போனில் பேசியிருந்தான். மலேசியாவிலிருந்து வேர் தேடி வருகிறார்கள் என்றதும் மனிதர் வாசலில் கோலம் போடச் சொல்லிவிட்டார். கூடத்தில் நாற்காலி போட்டார்கள். எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்கக் காபி வந்தது. "நம்ம ரத்தம் எங்க இருந்தாலும் நம்ம ரத்தம்தான்" என்றார் பெரியவர். சாப்பிடாமல் போகவே கூடாது என்று அவர் மனைவி அடித்துச் சொன்னாள். கோழி அடிக்க ஆள் போனதைக்கூட மங்கை பார்த்தாள்.

"கொள்ளுத்தாத்தாவுக்கு நம்ம ஊர்ல எந்தப் பக்கம் வீடு? ஏதாச்சும் சொல்லியிருக்காரா பாப்பா?" என்று பெரியவர் மகிழினியைக் கேட்டார்.

பெண் பாடம் ஒப்பிப்பதுபோல உற்சாகமாகச் சொன்னாள். "ஏரிக்குக் கீழ, ஓடைக்கு அந்தப் பக்கம்னு எங்க தாத்தா சொல்வாரு. அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு."

"ஓடைக்கு அந்தப் பக்கமா?"

பெரியவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி சமையல்கட்டைப் பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. ஊர்த் தெருக்காரர்களுக்கு அங்கே ரத்த சம்பந்தம் கிடையாது. கூடம் குளிர்ந்துவிட்டது. பெரியவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுமே" என்றார். கோழிக்குப் போன ஆளைத் திரும்பக் கூப்பிட இன்னொரு ஆள் ஓடினான். வீட்டம்மாள் டம்ளர்களைத் தொடாமல், "காபி குடிச்சதை அப்படியே வெளிய, குழாய்கிட்ட வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

தேவப்பிரியத்துக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் முகம் சிவந்துவிட்டது. டம்ளரை எடுக்கக் குனிந்தாள். மங்கை அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"குந்து நீ" என்றவள், மிச்சமிருந்த காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்து, மூன்று டம்ளரையும் பெரியவர் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியின் கைப்பிடிமேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

"பெரியவரே, எங்க குப்பத்துல பூனைக்கு மீன் தல போடுவோம். அது எந்தத் தெரு பூனைன்னு கேட்டுட்டுப் போட மாட்டோம். நீ அந்தப் பூனைக்குப் போடற ஆளுகூட இல்ல. காபி வேற தண்ணியா கீது."

"யாரும்மா இது? மீன் விக்கிற பொம்பளையா?" என்றார் அவர்.

"ஆமாய்யா. நாறுன சரக்க எட்ட நின்னே கண்டுபுடிப்பேன்."

தெருவுக்கு வந்ததும் தேவப்பிரியம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு வேப்ப மரத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். அவள் சிரித்து மங்கை பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுக்காகவா அக்கா நாங்க கடல் தாண்டி வந்தோம்?"

"நீ எங்க வந்த? உன் புருசன் வந்தான். நீ சாமான் மாதிரி கூட வந்துகீறே."

சிரிப்பு நின்றது. தேவப்பிரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆமாலா அக்கா. சாமான்தான்" என்றாள் மலேசிய இழுவையில்.

மகிழினி ஆசைப்பட்டதால் ஓடையைத் தாண்டியும் போனார்கள். ஓடையில் தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக் பைகள்தான் கிடந்தன. முதல் வீட்டில் ஒரு பெண் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னதும், "அப்படி யாரையும் கேள்விப்பட்டதில்லயேம்மா" என்றாள். மலேசியா என்றதற்கு, "எங்க வீட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. அங்கயும் வெயிலுதானாம்" என்றாள். யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. அவள் ஒரு கை கடலையை அள்ளி மகிழினியிடம் கொடுத்தாள். மகிழினி அங்கிருந்த ஆட்டுக்குட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். மண்ணைத் தொட்டு வீடியோ எடுக்கச் சொன்ன அப்பனுக்கு அந்த ஆட்டுக்குட்டி போதும் என்று மங்கை முடிவு செய்தாள்.

குடியாத்தத்தில் ஒரு கடையில் பரோட்டா தின்றார்கள். அங்கே வைத்துத்தான் தேவப்பிரியம் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். வேலையை விடச் சொன்னான், விட்டாள். வீட்டை விற்கிறேன் என்றான், கையெழுத்துப் போட்டாள். முதல் நாளே வாந்தி, பழகிவிடும் என்றான். அந்தமானில் இறங்கி அழுதாள். அதையும் வீடியோ எடுத்து, 'ஆனந்தக் கண்ணீர்' என்று பெயர் போட்டான்.

"கடலைப் பார்த்தாலே வயிறு பொரட்டுது அக்கா. எனக்குத் தண்ணியே தெரியாத ஊர்ல கொஞ்ச நாள் இருக்கணும்."

மங்கை எதிரில் இருந்தவளை உற்றுப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தனக்குப் பிடிக்காததை இத்தனை பேரின் எதிரில் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டு ஒருத்தி இருக்க முடியுமா? மங்கை பிடிக்காததை ஒரு நாள்கூட விழுங்கியதில்லை.

"சரி. ஆனா நான் கூட இருக்கசொல்ல அழக் கூடாது. எனக்கு அழுவுற பொம்பளய கண்டாலே ஆவாது."

லட்சுமணனுக்குப் போன் போட்டு, "வர லேட்டாவும். கேக்காத" என்று சொல்லி வைத்தாள்.

ஏலகிரிக்குப் போனார்கள். அங்கே ஏரியில் படகுச் சவாரி இருந்தது. அதைப் பார்த்ததும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் என்று கண்ணில் பட்ட பஸ்ஸில் எல்லாம் ஏறினார்கள். லாட்ஜ்காரனின் அழுக்குப் போர்வை, பஸ்ஸில் காலை நீட்டிக்கொண்டு வந்த ஆசாமி, மீன் என்று சொல்லி ஐஸ் கட்டியை விற்ற ஓட்டல் எல்லாவற்றையும் மங்கை திட்டினாள். முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த தேவப்பிரியம், மெல்ல மெல்லத் தானும் திட்ட ஆரம்பித்தாள். அவளுக்கு அது நன்றாகவே வந்தது. டீச்சர் அல்லவா, நிறுத்தி நிதானமாக, எழுத்துப் பிழை இல்லாமல் திட்டினாள். மங்கைக்கே பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற மாதிரியே உலகத்தைப் பார்த்த ஆள் ஒருவர்கூடக் கிடைத்ததில்லை.

திரும்பி வந்தபோது சுக்கான் சரியாகியிருந்தது. அடுத்து பாம்பன் வழியாகத் தூத்துக்குடி, அங்கிருந்து மாலத்தீவு என்று அர்ஜுன் வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். தேவப்பிரியம் படகுக்குள் கால் வைக்கவில்லை. கரையிலேயே நின்றாள்.

"நானும் மகியும் ரயில்ல வர்றோம். நீங்க படகுல வாங்க."

"பிரியம், இது குடும்பப் பயணம். பாக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உண்மையச் சொல்லுங்க. என் பெண்டாட்டிக்குக் கடல் பிடிக்கல, கேட்காமலே கூட்டி வந்துட்டேன்னு சொல்லுங்க."

அர்ஜுன் மங்கையை முறைத்தான். மங்கை அவனுடைய தாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தனி ஆளாக ஓட்ட அவனுக்குத் தைரியமில்லை. லட்சுமணன் தானே முன்வந்து, தூத்துக்குடி வரைக்கும் தான் வருவதாகச் சொன்னான். அதற்கான அனுமதி வாங்க இருவரும் கொஞ்ச நாள் அலைந்தார்கள். அதுவரை தாயும் மகளும் மங்கை வீட்டில்தான் இருந்தார்கள். தேவப்பிரியம் காசிமேட்டு ஏலத்துக்குக் கூடப் போய், சத்தம் போடக் கற்றுக்கொண்டாள். பிறகு ஆண்கள் தண்ணீர் வழியாகவும், பெண்கள் திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று இறங்கி இறங்கி நிலத்தின் வழியாகவும் தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள்.

பெண்கள் வந்து சேர்ந்து பல நாளாகியும் படகைக் காணோம். பாம்பனில் பாலம் திறக்கக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு போனும் இல்லை. மங்கை கடற்கரைப் பக்கம் போய்ப் போய் நின்றாள். "கவலையா அக்கா?" என்று தேவப்பிரியம் கேட்டதற்கு, "கவலையா? சோத்துக்கு இன்னா பண்றான்னு பாக்குறேன். அவனுக்கு வென்னி வெக்கக்கூடத் தெரியாது" என்று எரிந்து விழுந்தாள்.

ஒருவழியாகப் படகு வந்தது. இரண்டு ஆண்களும் இரண்டு முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படகைக் கட்டியதும் லட்சுமணன் பையைத் தூக்கிக்கொண்டு குதித்தான். அவன் இத்தனை வருஷத்தில் யாரையும் திட்டி மங்கை கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

"பேமானிமே அவன்! காத்து அடிக்கசொல்ல பாய எறக்குடான்னா போன்ல பேசிகினு கீறான். நான் மீன் புடிச்சா அதப் புடிச்சிகினு சிரிக்க சொல்றான். ஒரு தபா, மூணு தபா. அதே மீன! செத்த மீன கையில வச்சிகினு நான் எவ்ளோ நேரம்மே சிரிக்கிறது?"

"இன்னைக்குத்தான்யா உனக்குக் கண்ணு தெறந்துகீது" என்றாள் மங்கை. கல்யாணமான நாளிலிருந்து அவன் மேல் அவளுக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். அதுவும் மறுநாள் ரயிலில், அறிமுகமே இல்லாத ஒருவனுக்குத் தன் ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தபோது போய்விட்டது.

அர்ஜுன் மாலத்தீவுக்குப் போகவில்லை. 'தனி மனிதனின் கடல் பயணம்' என்று புதிய தலைப்பு வைத்துக் கொச்சி வரைக்கும் கரை ஓரமாகவே தடவிக்கொண்டு போனான். அங்கே படகை யாருக்கோ விற்றுவிட்டு விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தான். அதை மட்டும் வீடியோவாகப் போடவில்லை. தேவப்பிரியமும் மகளும் அவனுக்கு முன்பே மதுரையிலிருந்து கிளம்பிப் போயிருந்தார்கள். பினாங்கில் ஒரு வாடகை வீட்டில் இப்போது மூன்று பேரும் இருக்கிறார்கள். அவள் திரும்பவும் டீச்சர். அவன் தாடியை எடுத்துவிட்டான் என்று செய்தி வந்தபோது, "மொகம் எப்டி கீது?" என்று மங்கை ஆவலாகக் கேட்டாள். "தாடியே தேவலை அக்கா" என்று பதில் வந்தது.

வாரம் தவறாமல் இருவரும் போனில் பேசுகிறார்கள். தலைமை ஆசிரியை, தேரடியில் புதிதாக வந்த கறிக்கடைக்காரன், இரண்டு ஊர்களின் பஸ் கண்டக்டர்கள் யாரும் தப்புவதில்லை. பள்ளி விடுமுறையில் தேவப்பிரியம் விமானத்தில் வருவாள். மகிழினியும் கூட வருவாள். பைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லிமலை, தர்மபுரி என்று கடல் வாடை படாத ஊராகப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். எந்த ஊரும் இதுவரை அவர்களுக்குப் பிடித்ததில்லை.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம், தேவப்பிரியத்தோடும் மகிழினியோடும் கிளம்புவதற்காக மங்கை சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். லட்சுமணன் வாசற்படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"நானும் வரட்டாமே? சும்மாத்தான குந்திகினு கீறேன்."

"நீ வந்தா எல்லாரையும் பாத்து இளிப்ப. எங்களுக்கு மூடு போய்டும். குழம்பு வச்சிகீறேன், ரெண்டு நாளிக்கு சூடு பண்ணித் துன்னு. அப்பால பங்காளி வூட்டுக்குப் போ."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடி எடுத்து, மங்கை பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தாள். போகிற வழியில் ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்து, "எங்க யக்கா, சென்ட்ரலா?" என்றான். ஆட்டோவை ஒரு முறையும் அவனை ஒரு முறையும் பார்த்தாள். இரண்டும் தேறவில்லை. பஸ்ஸுக்கே காத்திருந்தாள்.